பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: பெயரைக் கேட்ட நாளிலிருந்து என்ன செய்வது?

இந்தப் பெயரை மருத்துவர் வாயால் கேட்டவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். அறையை விட்டு வெளியே வந்ததும் போனை எடுத்துத் தேடுவார்கள். அங்கே கிடைப்பதில் ஒரு பகுதி, இந்தக் கோளாறு உள்ளவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. இன்னொரு பகுதி, இது குணத்திலேயே ஊறியது, மாறவே மாறாது என்ற தீர்ப்பு. 'என்னிடம்தான் ஏதோ தப்பு' என்று ஆண்டுக்கணக்கில் நினைத்து நொந்துபோன ஒருவர் இதைப் படித்தால் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு சிகிச்சைக்குக் கட்டுப்படும். பேச்சும் பயிற்சியும்தான் இதில் முதல் இடம், மருந்து அதற்கு அடுத்துத்தான். அந்தப் பயிற்சி எந்தப் பெயரில் நடந்தாலும் அதன் அடிப்படை வேலை ஒன்றே: ஓர் உணர்ச்சி எழுவதற்கும் அதன்படி நாம் ஏதாவது செய்துவிடுவதற்கும் நடுவில் கொஞ்சம் நேரத்தை உண்டாக்குவது. தொடக்கத்தில் அது அரை நிமிடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அங்கிருந்து வளர்க்கலாம்.

புதிதாக இந்தப் பெயரைக் கேட்ட, 18 வயது கடந்தவர்களுக்கும், அவர்களோடு வாழ்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரிசையாகவே படிக்க வேண்டும் என்றில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போது உங்களுக்கு இருந்தால், நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

முதல் படி: என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது

மாலை 4 மணிக்கு நெருங்கிய தோழி ஒருத்திக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். அவள் பார்த்துவிட்டாள் என்று திரையில் தெரிகிறது. பதில் இல்லை. 10 நிமிடத்தில் வயிற்றைப் பிசைகிறது. 20 நிமிடத்தில் 'என்னைத் தவிர்க்கிறாள்' என்பது சந்தேகமாக இல்லை, கண்ணால் பார்த்த உண்மையைப்போல் இருக்கிறது. 40ஆவது நிமிடத்துக்குள் ஏழு செய்திகள் போய்விட்டன. முதல் மூன்றும் கெஞ்சல், அடுத்த மூன்றும் கோபம், கடைசியாக 'இனிமேல் என்னிடம் பேசாதே'. 5 மணிக்கு அவள் கூப்பிடுகிறாள். இவ்வளவு நேரம் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாளாம். கோபம் இருந்த இடத்தில் இப்போது வெட்கம் வந்து உட்காருகிறது. அந்த வெட்கம்தான் தாங்க முடியாதது. அதிலிருந்து தப்பிக்கத்தான் குடி, கையைக் கீறிக்கொள்வது, வேலையை விட்டுவிடுவது என்று ஏதாவது ஒன்று நடக்கிறது.

முதல் 10 நிமிடம் எல்லாருக்கும் வரும். பதில் வராவிட்டால் யாருக்கும் உறுத்தும். வித்தியாசம் மூன்று இடங்களில் இருக்கிறது. சின்ன விஷயத்துக்கே உணர்ச்சி தூண்டப்படுகிறது. தூண்டப்பட்டால் மிக உயரத்துக்கு ஏறுகிறது. ஏறியது இறங்க மிக நேரமாகிறது. இறங்குவதற்குள் அடுத்த தூண்டல் வந்துவிடுவதால் நாள் முழுக்க மேலேயே நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. தீக்காயம் பட்ட தோலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் துணி உரசினாலும் வலிக்கும். துணியைக் குறை சொல்ல முடியாது, வலியைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. கைவிடப்படுவோமோ என்ற பயமும் அதைத் தடுக்கப் படும் பாடும் முதலாவது. ஒருவரை இன்று தலையில் தூக்கிவைத்து ஆடி, நாளை அவரை எதிரியாகப் பார்க்கும் உறவுகள் அடுத்தது. அப்புறம் 'நான் யார்' என்பதே அடிக்கடி மாறுவது, யோசிக்காமல் செய்துவிடும் ஆபத்தான காரியங்கள், தற்கொலை முயற்சி அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, மணிக்கு மணி மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடக்க முடியாத கோபம். கடைசியாக, மன அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது சிறிது நேரம் வந்துபோகும் சந்தேக எண்ணங்கள், அல்லது தன்னைத் தானே வெளியிலிருந்து பார்ப்பதுபோன்ற மரத்துப்போன நிலை. இவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், இளமைப் பருவத்திலிருந்தே பல சூழல்களில் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ எத்தனை விதமாகச் சேரலாம் என்று கணக்குப் போட்டால் 256 வருகிறது. ஆகவே இந்தப் பெயர் உள்ள இரண்டு பேர் ஒருவரைப்போல் ஒருவர் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் பாத்திரத்தை விட்டெறிவார், இன்னொருவர் வெளியே ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளுக்குள் தன்னையே தின்றுகொண்டிருப்பார். இந்த இரண்டாவது வகையைப் பலரும் கவனிப்பதே இல்லை. நான் மிகவும் கவலைப்படுவது அவர்களைப் பற்றித்தான்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர், அன்றைய இரண்டு பெரிய நோய் வகைகளுக்கு நடுவே, எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் என்று ஒரு குழுவைப் பற்றி எழுதினார். 'பார்டர்லைன்' என்ற சொல் அப்படி ஒட்டிக்கொண்டது. 1980இல் அமெரிக்கக் கையேட்டில் இது தனிக் கோளாறாக இடம்பெற்றது. எந்த எல்லை என்று இன்று யாரும் கேட்பதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியல், ஆளுமைக் கோளாறுகளை லேசானது, நடுத்தரம், தீவிரம் என்று அளவால் பிரித்து, 'பார்டர்லைன் பாங்கு' என்பதை அதனோடு சேர்த்துக் குறிக்கச் சொல்கிறது. பழைய ஐ.சி.டி.-10 பட்டியலைப் பின்பற்றும் இடங்களில் உங்கள் தாளில் 'உணர்ச்சி நிலையற்ற ஆளுமைக் கோளாறு' என்று எழுதியிருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கின்றன, குழம்ப வேண்டாம்.

ஏன் வருகிறது? ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. பிறவியிலேயே மென்மையான நரம்பு, அதைப் புரிந்துகொள்ளாத சூழல், இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று மோசமாக்குவது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு ஆகியவற்றை அனுபவித்தவர்கள் இதில் நிறையப் பேர். ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. 'இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?' என்ற ஒரே வாக்கியத்தைப் பத்து வருடம் கேட்டு வளர்ந்தாலும் போதும், தன் உணர்ச்சியைத் தானே நம்ப முடியாமல் போய்விடும். இதைச் சொல்வது பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அதே வீட்டில் அதே வாக்கியத்தைக் கேட்ட இன்னொரு பிள்ளை சாதாரணமாக வளர்ந்திருக்கலாம்.

இரண்டாம் படி: சரியான நோயறிதல்

இணையத்தில் உள்ள கேள்வித்தாளை நிரப்பி மதிப்பெண் போடுவது நோயறிதல் ஆகாது. மனநல மருத்துவரோ, பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரோ நிதானமாக உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சந்திப்புகள் தேவைப்படும். நெருக்கடியில் அவசரப் பிரிவுக்குப் போன இரவில், ஐந்து நிமிடப் பேச்சில் ஒருவர் இந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் பின்னால் ஒருமுறை முறையான மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். மிக மோசமான நாளில் எடுத்த புகைப்படத்தை வைத்து ஒருவரின் முகத்தைச் சொல்லிவிட முடியாது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவரின் முன்னால் உட்கார்ந்ததும் ஒன்று எல்லாம் மறந்துபோகும், இல்லாவிட்டால் அன்றைய சண்டை மட்டும்தான் நினைவிருக்கும். கடந்த சில மாதங்களில் மனநிலை எப்படி ஏறி இறங்கியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் என்ன நடந்தது, தூக்கம், குடி, இதுவரை சாப்பிட்ட மருந்துகள், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட சம்பவங்கள், குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

'எவ்வளவு நேரம்' என்ற கேள்வி முக்கியம், ஏனென்றால் இதை அதிகம் குழப்பிக்கொள்வது இருமுனைக் கோளாறோடுதான். இருமுனையில் மேனியா எனப்படும் அளவு மீறிய உற்சாக நிலை ஒரு வாரமாவது நீடிக்கும், லேசான வடிவம்கூட நான்கு நாளாவது இருக்கும். யாரும் எதுவும் சொல்லாமலே வரலாம், இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பே தெரியாது. பார்டர்லைனில் மனநிலை மணிக்கணக்கில் மாறும், பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு முகமோ, ஒரு சொல்லோ, வராத ஒரு பதிலோ இருக்கும். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்கு மருந்து அடித்தளம், மற்றொன்றுக்குப் பயிற்சி அடித்தளம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, ஆட்டிசம் ஆகியவையும் இதைப்போலவே தோன்றலாம், அல்லது கூடவே இருக்கலாம். மனச்சோர்வு, பதற்றம், உணவுக் கோளாறு, போதைப்பழக்கம் ஆகியவை கூட வருவது மிகச் சாதாரணம். மருத்துவமனைகளில் இந்தப் பெயரைப் பெறுபவர்களில் பெண்களே அதிகம். ஆனால் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வுகளில் ஆண்–பெண் வித்தியாசம் மிகக் குறைவு. ஆண்களின் அதே கொந்தளிப்பைக் 'கோபக்காரன்', 'குடிகாரன்' என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம் என்பதுதான் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த அறிகுறிகளை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? வேறு எதையெல்லாம் யோசித்து ஒதுக்கினீர்கள்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

மூன்றாம் படி: முதலில் உயிர், அப்புறம்தான் மற்றதெல்லாம்

உயிரை மாய்த்துக்கொள்ளத் துடிக்கும் வேகம் ஓர் அலை. ஏறும்போது இறங்கவே இறங்காது என்று தோன்றும். ஆனால் அதன் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தைத் தாண்டுவதற்கு வேண்டியதை அமைதியான நாளிலேயே தயார்செய்து வைக்க வேண்டும். அலை வந்தபின் யோசிக்க மூளை இடம் கொடுக்காது.

ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எனக்கு அலை ஏறுகிறது என்பதற்கான அடையாளங்கள் என்ன? நான் தனியாகவே செய்யக்கூடியவை எவை? யாரோடு சும்மா உட்கார்ந்திருக்கப் போகலாம்? யாரிடம் உண்மையைச் சொல்லி உதவி கேட்கலாம்? என் மருத்துவரின் எண் எது, என் பகுதியின் அவசர உதவி எண் எது? இதைப் போனிலும் வையுங்கள், நம்பும் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளப் பயன்படக்கூடிய பொருட்களை வீட்டிலிருந்து அகற்றுவதும், மாத்திரைகளை இன்னொருவர் பொறுப்பில் விடுவதும் இந்தத் திட்டத்தின் பாதி பலம். கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் நேரம் கிடைக்கிறது. நேரம் கிடைத்தால் அலை இறங்குகிறது.

உடலைக் கொண்டு மனத்தை இறக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணும் கன்னமும் நனையும்படி முகத்தை 15 முதல் 30 வினாடி அமிழ்த்துங்கள். தண்ணீருக்குள் போகும்போது இதயத்துடிப்பைக் குறைக்கும் இயல்பான அனிச்சைச் செயல் ஒன்று நம் உடலில் இருக்கிறது, அது இதில் வேலை செய்கிறது. ஐஸ் பையைக் கண்மேல் அழுத்திக்கொண்டு குனிந்து மூச்சைப் பிடித்தாலும் அதே பலன். இதய நோய் உள்ளவர்கள், இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், உணவை ஒதுக்கும் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இது பிரச்சினையைத் தீர்க்காது. ஆனால் அடுத்த பத்து நிமிடத்தை வாங்கித் தரும்.

திட்டத்தில் உள்ள எதுவும் பலிக்காமல் எண்ணம் வலுத்தால், தனியாக இருக்காதீர்கள். அவசர எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதற்கு முன் பத்துமுறை போயிருந்தாலும் பதினோராவது முறையும் போகலாம்.

நான்காம் படி: எந்தச் சிகிச்சை, யாரிடம்?

அதிகம் ஆராயப்பட்டது டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி. இதை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். 1991இல் வெளியான இவரது முதல் பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட டி.பி.டி. பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, சிகிச்சையைப் பாதியில் விடுவதும் குறைந்தது. தானும் இளவயதில் இதே துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் 2 ஆண்டுகளுக்கு மேல் இருந்ததை 2011இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த இடத்திலிருந்து வந்த ஒருவர் செய்த முறை என்பதாலோ என்னவோ, இதில் நோயாளியைக் குறைசொல்லும் தொனி கிடையாது. 'இப்போது நீங்கள் இருக்கும் நிலை புரிந்துகொள்ளக்கூடியது, அதே சமயம் மாறவும் வேண்டும்' என்ற இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இதன் உயிர்.

முழு வடிவில் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, இடையில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் கேட்கும் வசதி என்று பொதுவாக ஓர் ஆண்டு நடக்கும். சிகிச்சையாளர்களும் தங்களுக்குள் வாரந்தோறும் கூடிப் பேசுவார்கள். வகுப்பில் நான்கு விஷயங்கள்: நடப்பதை அப்படியே கவனிப்பது, நெருக்கடியை இன்னும் மோசமாக்காமல் தாண்டுவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவைக் கெடுக்காமல் வேண்டியதைக் கேட்பது. அது ஒரு பாடவகுப்பு போலத்தான், வீட்டுப்பாடம்கூட உண்டு.

ஒரு பயிற்சியைக் கிட்டத்தில் பார்க்கலாம். சங்கிலி ஆய்வு என்று பெயர். மேலே சொன்ன ஏழு செய்திகளை எடுத்துக்கொள்வோம். சிகிச்சையாளர் 'ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்க மாட்டார். '4 மணிக்கு முன்னால் என்ன நடந்தது?' என்று கேட்பார். முந்தின இரவு மூன்று மணி நேரம்தான் தூக்கம். மதியம் சாப்பிடவில்லை. காலையில் மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு செய்தி, பார்த்த அடையாளம், வயிற்றில் பிசைவு, 'தவிர்க்கிறாள்' என்ற எண்ணம், முதல் கெஞ்சல், அதற்கும் பதில் இல்லாத வெறுமை, கோபம். ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. எந்தக் கண்ணியில் வெட்டியிருக்கலாம்? மதியச் சாப்பாடு ஒரு கண்ணி. 20ஆவது நிமிடத்தில் 'தவிர்க்கிறாள் என்பது என் மனத்தில் வந்த எண்ணம், உண்மைதானா என்று இன்னும் தெரியாது' என்று எழுதிப் பார்ப்பது ஒரு கண்ணி. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 15 நிமிடம் வேகமாக நடப்பது இன்னொன்று. முதல் பத்து முறை எதையும் வெட்ட முடியாது, எல்லாம் முடிந்தபிறகுதான் சங்கிலி தெரியும். பதினோராவது முறை நடுவில் தெரியும். அதுதான் பயிற்சி.

டி.பி.டி. மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆண்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி இருவரும் உருவாக்கிய மெண்டலைசேஷன் முறை, தன் மனத்திலும் எதிரில் இருப்பவர் மனத்திலும் என்ன ஓடுகிறது என்று நின்று யோசிக்கும் திறனை வளர்க்கிறது. இம்முறையில் சிகிச்சை பெற்றவர்களை 8 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்தபின் வந்த 5 ஆண்டுகளில் தற்கொலைக்கு முயன்றவர்கள் இக்குழுவில் 23 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 74 சதவீதம். சிறுவயதிலிருந்தே ஊறிப்போன எண்ணப் போக்குகளை மாற்றும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா தெரபி, சிகிச்சையாளரோடான உறவையே வைத்து மற்ற உறவுகளைப் புரிந்துகொள்ளும், ஓட்டோ கெர்ன்பெர்க்கின் வழிவந்த டிரான்ஸ்ஃபரன்ஸ் முறை ஆகியவற்றுக்கும் ஆய்வுச் சான்று உண்டு.

இவை எதுவும் கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அடுத்த செய்தி. கனடாவில் 180 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, டி.பி.டி.யையும், இந்தக் கோளாறை நன்கு புரிந்துகொண்ட மனநல மருத்துவர்கள் ஒழுங்காக வாரம் ஒருமுறை கொடுத்த பொதுவான சிகிச்சையையும் ஓர் ஆண்டு ஒப்பிட்டது. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. ஆகவே பெயர்பெற்ற முறைக்காக இரண்டு வருடம் காத்திருப்பதைவிட, இந்தக் கோளாறைக் கண்டு பயப்படாத, வாராவாரம் தவறாமல் சந்திக்கும் ஒரு சாதாரண சிகிச்சையாளரிடம் இன்றே தொடங்குவது மேல் என்பேன். மூன்று, நான்கு சந்திப்பில் முடிந்துவிடும் என்று சொல்பவரிடம் போக வேண்டாம்.

முதல் சந்திப்பில் அவரிடம் இப்படிக் கேட்கலாம்: இதே பிரச்சினை உள்ளவர்களுக்குச் சிகிச்சை கொடுத்த அனுபவம் இருக்கிறதா? நெருக்கடியில் உங்களை எப்போது, எப்படி அழைக்கலாம்? நீங்கள் விடுப்பில் போனால் நான் யாரைப் பார்ப்பது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிகிச்சையாளரின் இரண்டு வார விடுமுறை, கைவிடப்படும் பயம் உள்ளவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஏதோ ஒரு வாரம் அவர்மேல் கடும் கோபம் வரும், 'இனி இங்கே வரக் கூடாது' என்று தோன்றும். அன்றைக்கு முடிவெடுக்காமல், அதே கோபத்தோடு அடுத்த சந்திப்புக்குப் போய், அதையே சொல்லுங்கள். உறவு ஒன்று முறியாமல் ஒரு சண்டையைத் தாண்ட முடியும் என்பதைப் பலர் முதன்முதலில் கற்றுக்கொள்வது அந்த அறையில்தான்.

ஐந்தாம் படி: மருந்துக்கு என்ன வேலை?

பார்டர்லைன் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009 வழிகாட்டுதலிலேயே, இந்தக் கோளாறுக்காகவோ அதன் தனித்தனி அறிகுறிகளுக்காகவோ மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மனநிலையை நிலைப்படுத்த அதிகம் எழுதப்பட்டுவந்த லாமோட்ரிஜினை 276 பேரிடம் ஓர் ஆண்டு சோதித்து 2018இல் வெளியிட்டபோது, வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

அதற்காக உங்கள் கையில் உள்ள மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூடவே மனச்சோர்வோ, பதற்றமோ, இருமுனைக் கோளாறோ இருந்தால் அதற்கு மருந்து தேவை, அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. 'இந்த மாத்திரை எதற்காக, எத்தனை நாளுக்கு, பலன் தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவோம்?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நெருக்கடிக்கு ஒரு மாத்திரை என்று சேர்ந்து சேர்ந்து ஐந்தாறு மாத்திரைகளோடு நடமாடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயஸெபின் வகை மாத்திரைகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பழக்கமாகிவிடும், சிலருக்கு இருக்கிற கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். உணர்ச்சிக்கும் செயலுக்கும் நடுவே நாம் வளர்க்கப் பாடுபடும் அந்த இடைவெளியைச் சுருக்கிவிடும் எதுவும், மதுவும் சேர்த்துத்தான், நமக்கு எதிர்ப்பக்கம்.

ஆறாம் படி: கூட இருப்பவர்களுக்கு

ஒரு தம்பி மாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. அக்கா போன் செய்கிறார்: "நீ வரமாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் உனக்கு ஒரு பாரம்."

உடனே வாயில் வருவது என்ன? "சும்மா எதையாவது நினைச்சுக்காதக்கா. ஒரு நாள் வரலேன்னா என்ன இப்போ?" ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அக்காவின் காதில் 'நீ உணர்வது தப்பு' என்றுதான் விழுகிறது. குரல் இன்னும் ஏறும்.

வேறு விதமாகவும் சொல்லலாம். "வர்றேன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டேன்க்கா. நீ காத்துட்டு இருந்திருப்ப, கஷ்டமாத்தான் இருந்திருக்கும். நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன். இப்போ பத்து நிமிஷம் பேசலாம், அப்புறம் நான் வேலைக்குப் போகணும்."

இதில் அவர் 'நீ பாரம்' என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. காத்திருந்த வலியை மட்டும் ஒப்புக்கொண்டார். அது உண்மை. கூடவே பத்து நிமிடம் என்ற எல்லையையும் போட்டார். வலியை ஏற்பதும் எல்லை போடுவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று குடும்பங்கள் நினைக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

போட்ட எல்லையைக் காப்பாற்றுங்கள். இரவு 11 மணிக்குமேல் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பத்தாவது அழைப்பில் எடுத்தால், பத்து முறை அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். எல்லையைச் சண்டைக்கு நடுவில் அறிவிக்காமல், அமைதியான நாளில் பேசிவையுங்கள். அது தண்டனை அல்ல, 'நான் உன்னோடு நெடுநாள் இருக்க எனக்கு இது வேண்டும்' என்பதைச் சொல்லியே போடுங்கள்.

இந்த விதிக்கு விலக்கு ஒன்று: உயிரைப் பற்றிய பேச்சு. 'கவனத்தை ஈர்க்கச் சொல்கிறாள்' என்று ஒதுக்கவே கூடாது. 'தற்கொலை எண்ணம் இருக்கிறதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பதறாமல், அழாமல், திட்டாமல், முன்பே எழுதிவைத்த திட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து செய்யுங்கள்.

உங்களுக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். ஃபேமிலி கனெக்ஷன்ஸ் என்ற 12 வாரப் பயிற்சி குடும்பத்தாருக்கென்றே பல நாடுகளில் நடக்கிறது. அது எட்டாவிட்டால், உங்களுக்கென்று தனியாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

ஏழாம் படி: எவ்வளவு நாளாகும், பின்னடைவு வந்தால் என்ன?

மேரி ஸனரினி தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமாக இருந்த 290 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 10 ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேர், குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ச்சியாக நோயறிதலுக்கான அளவுக்குக் கீழே வந்துவிட்டார்கள். 2 ஆண்டு தேறியிருந்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் திரும்பின, 4 ஆண்டு தேறியிருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். 'மாறவே மாறாது' என்று யாராவது சொன்னால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அறிகுறி அடங்கியதோடு வேலையிலும் உறவிலும் நன்றாக நின்றவர்கள் 10 ஆண்டில் பாதிப் பேர்தான். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதுபோன்ற ஆபத்தானவை சீக்கிரம் அடங்கும். வெறுமையும் கைவிடப்படும் பயமும் மெதுவாகத்தான் போகும். அதனால் 'இன்னும் எல்லாம் சரியானபின் வேலைக்குப் போகலாம்' என்று காத்திருக்க வேண்டாம். பகுதிநேர வேலை, ஒரு வகுப்பு, வாரம் இரண்டு நாள் தன்னார்வப் பணி என்று ஏதாவது ஒன்று சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கட்டும். குறித்த நேரத்துக்கு ஓரிடத்துக்குப் போக வேண்டியிருப்பது ஒரு மருந்து மாதிரி.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? உணர்ச்சி வராமல் இருப்பதை வைத்து அளந்தால் தோல்விதான் தெரியும். நேரத்தை வைத்து அளந்து பாருங்கள். தினமும் படுக்கப்போகும்முன் ஒரு வரி போதும்: என்ன தூண்டியது, எவ்வளவு உயரம் ஏறியது, இறங்க எவ்வளவு நேரம், நடுவில் என்ன செய்தேன். போன வருடம் ஏழு செய்தி போன இடத்தில் இந்த வருடம் இரண்டு போயிருக்கும், மூன்றாவதை எழுதி அழித்திருப்பீர்கள். இரண்டு நாள் நீண்ட சண்டை அன்று மாலையே முடிந்திருக்கும். குறித்து வைக்காவிட்டால் இதெல்லாம் உங்கள் கண்ணில் படாது, மோசமான ஒரு நாள் வந்ததும் 'எதுவும் மாறவில்லை' என்றுதான் மனம் சொல்லும்.

சறுக்கல் வந்தால், இரண்டு நாளுக்குள் சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கத்தில் ஒளிந்துகொள்ளும் நாட்கள்தான் ஒரு சறுக்கலைப் பெரிய வீழ்ச்சியாக மாற்றுகின்றன. சிகிச்சை முடியும் காலம் நெருங்கும்போது, குறைந்தது மூன்று மாதம் முன்பே அந்தப் பேச்சை எடுக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின் மாதம் ஒருமுறை என்று குறையட்டும். கடைசிச் சந்திப்பிலிருந்து கிளம்பும்முன், அடுத்துத் திரும்ப வந்து பார்க்கும் தேதியை இருவரும் எழுதிக்கொள்ளுங்கள்.